தனிப்பிள்ளைக்கு வந்த நான்கு சகோதரர்கள்

2004ஆம் ஆண்டு ஜூலை நான்காம் திகதி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். இந்தத் திகதியை நான் எங்கும் தேடிச் சரிபார்க்க வேண்டியதில்லை. அன்றுதான் கிரேக்க அணி ஐரோப்பியக் கால்பந்துக் கிண்ணத்தை வென்றது. மொன்றியலில், கிரேக்கர் நிறைந்த எங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதித் தெருக்களில் நீலமும் வெள்ளையுமான கொடிகளோடு, கார்ச் சன்னல்களால் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு, மக்கள் ஹோர்ன் அடித்துத் திரிந்தார்கள். அந்தச் சத்தத்தில் தொலைபேசி மணி எனக்குக் கேட்கவில்லை. மனைவிதான் எடுத்து என் கையில் தந்தாள்.

மறுமுனையில் கடைக்கார அண்ணை. அவருடைய பக்கத்திலிருந்தும் அதே ஹோர்ன் சத்தம் வந்ததால் கடையில்தான் நிற்கிறார் என்று தெரிந்தது.

“தம்பி, கம்பியூட்டர் தானாக் கதை எழுதுமோ?”

எழுதாது என்றேன்.

“அப்ப உடனை வாரும். இஞ்சை ஒரு கலியாணம் நிக்கப் போகுது.”

அவருடைய கடை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு சில்லறைக் கடைக்கும் ஒரு கிரேக்கப் பலகாரக் கடைக்கும் நடுவில் இருந்தது. வீடியோப் படக் கொப்பி வாடகைக்குக் கொடுப்பார், தொலைபேசி அட்டை விற்பார், கலியாண அட்டை அச்சடிப்பார். 2002இல் ஓர் இணையத்தளமும் தொடங்கியிருந்தார். அதில் வாழ்த்துகள், நினைவஞ்சலிகள் எல்லாம் இருந்தாலும் ஆட்கள் தேடி வந்தது மரண அறிவித்தல்களுக்காகத்தான். எங்கள் ஊர்க்காரர் உலகம் முழுவதும் சிதறிப் போன பிறகு, காலையில் தேநீர்க் கோப்பையோடு முதலில் திறக்கும் பக்கம் அதுவாகிவிட்டது. செத்தவரைத் தெரியாவிட்டாலும் அவருடைய மருமகனின் தமையனைத் தெரிந்திருக்கும்.

அந்த அறிவித்தல்களுக்கு ஒரு நிரந்தர வாய்பாடு உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நகரத்தை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னார், இன்னார், இன்னாரின் அன்புச் சகோதரரும் ஆவார். வாசிப்பவர்கள் பெயரைத் தாண்டி உடனே இந்த உறவுப் பட்டியலுக்குத்தான் போவார்கள். யார் யாருக்குச் சாவுத் துடக்கு, யார் வீட்டில் விசேஷம் தள்ளிப்போகும், யாருக்குத் தொலைபேசி எடுத்துத் துக்கம் விசாரிக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு நீண்ட வாக்கியம் சொல்லிவிடும்.

வாய்பாடு நிரந்தரமானது என்பதால் அண்ணை அதை நிரலாக்கிவிட்டார். பகலில் கடை, ஆட்கள் வராத நேரத்தில் இணையத்தில் கிடைத்த பாடங்கள் என்று பி.எச்.பி. மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டவர். படிவத்தில் பெற்றோருக்கு ஒரு பெட்டி, துணைவருக்கு ஒரு பெட்டி, பிள்ளைகளுக்கு ஒன்று, சகோதரருக்கு ஒன்று. நிரப்பினால் போதும், வாக்கியத்தை நிரலே கட்டிக்கொள்ளும். நான் சான் லோரோன் பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு அந்தத் தளத்தில் பங்கு எதுவும் இல்லை. சிக்கல் வந்தால் அண்ணை கூப்பிடுவார். நான் போனால் பிளேன் டீ தருவார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

கடைக்குள் நுழைந்தபோது படக் கொப்பிகள் அடுக்கிய அலுமாரிக்கு முன்னால், கதிரையில் இருக்காமல், ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். மகளின் கலியாண அட்டையை அந்தக் கடையில்தான் அச்சடித்திருந்தார். கலியாணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதைத் தவறவிட்டால் ஆடி மாதம் பிறந்துவிடும். ஆவணியில் வைக்கலாம் என்றால், மாப்பிள்ளையின் தாயார் யாழ்ப்பாணத்திலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்தார். ஜூலை முடிவில் அவர் திரும்பிப் போக வேண்டும். போர்நிறுத்தம் இருந்ததால் யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்தது, அதனால் வர முடிந்தது. திரும்ப ஒருமுறை விசா கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கணவனை இழந்தவர்; மாப்பிள்ளை மூத்த மகன். அவர் இல்லாமல் மாப்பிள்ளை தாலி கட்டமாட்டார். ஆகவே அடுத்த ஞாயிறு இல்லையென்றால் அந்தக் கலியாணம் எப்போது என்று சொல்ல முடியாது. நடக்கும் என்றே சொல்ல முடியாது.

அண்ணை நடந்ததை எனக்குச் சொன்னார். வியாழக்கிழமை ஜெர்மனியிலிருந்து ஒரு மரண அறிவித்தல் வந்தது. செத்தவருக்கு மனைவி, பிள்ளைகள் கிடையாது. பெற்றோர் முன்னமே காலமாகிவிட்டார்கள். அங்கே கூட இருந்த ஒரு நண்பர்தான் விபரம் அனுப்பியிருந்தார். அண்ணை அதை ஏற்றி, பக்கத்தைத் திறந்து வாசித்தும் பார்த்தார். சரியாக இருந்தது. சனிக்கிழமை காலையில் இந்தப் பெண்ணின் தகப்பனார் கடைக்கு வந்து, பத்து வருடங்களுக்கு முன் ஊரில் காலமான தன் தமையனுக்கு நினைவஞ்சலி ஒன்று கொடுத்தார். கலியாணத்துக்கு முந்திய வாரம் தமையனை நினைத்துக்கொள்வது நல்லது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அதையும் அண்ணை ஏற்றினார். புதிது மேலே வரும் என்பதால் நினைவஞ்சலி மேலேயும் ஜெர்மனிக்காரரின் அறிவித்தல் அதற்கு நேர்கீழேயும் நின்றன.

சனிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்கத்தைத் திறந்தார். புதிதாகக் காலமான ஜெர்மனிக்காரர், பெண்ணின் தகப்பனாருக்கும் இன்னும் மூன்று பேருக்கும் அன்புச் சகோதரர் என்று அதில் இருந்தது.

சொந்தச் சித்தப்பாவோ பெரியப்பாவோ போனால் பெண்ணுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. தாலி ஏறாது. ஞாயிறு காலையில் தாய்மாமன் தொலைபேசி எடுத்து, “சகோதரம் செத்ததை மறைச்சோ எங்களுக்குப் பொம்பிளை தாறியள்?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

“எனக்கு அந்த மனிசனைத் தெரியவே தெரியாது” என்று பெண்ணின் தகப்பனார் என்னிடம் சொன்னார். “ஊர் ஒண்டுதான். ஆனா எங்கடை ஊர் சின்ன ஊரே?”

இவ்வளவும் கேட்டபோதே பிழை எந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன் அண்ணை ஒரு காரியம் செய்திருந்தார். தகப்பனார் வந்து நின்று பதறியதும், அறிவித்தலைத் திருத்துவதற்குத் திறந்திருக்கிறார். சகோதரர் பெட்டி வெறுமையாக இருந்தது. அழிப்பதற்கு அங்கே ஒரு எழுத்துக்கூட இல்லை. ஆனால் பக்கத்தில் பார்த்தால் நான்கு பெயரும் அப்படியே நிற்கின்றன. என்ன செய்வதென்று தெரியாமல் அறிவித்தலையே முழுதாகத் தூக்கிவிட்டார்.

“தூக்கினது பிழையோ தம்பி?”

பிழைதான் என்றேன். குற்றம் சாட்டப்பட்ட அன்றே சாட்சி காணாமற்போனால் யாரும் நல்லவிதமாக நினைக்கமாட்டார்கள்.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்து நிரலைத் திறந்தேன். பிழை இருந்த இடம் மூன்று வரி. சகோதரர் பெட்டியில் ஏதாவது எழுதியிருந்தால், அந்தப் பெயர்களை எடுத்து மாறி என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் போடு. அந்த மாறியில் இருப்பதை வாக்கியத்தில் சேர். அடுத்த அறிவித்தலுக்குப் போ. பெட்டி வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்று எங்கும் சொல்லப்படவில்லை. சொல்லாவிட்டால் மாறி பழையதை வைத்துக்கொண்டுதான் இருக்கும். மேலே நின்ற நினைவஞ்சலியின் நான்கு சகோதரர்களும் அந்த மாறியில் இருந்தார்கள். கீழே வந்தவருக்குத் தனக்கென்று யாரும் இல்லாததால், அவர்கள் அப்படியே அவருக்கும் சகோதரர் ஆனார்கள். வியாழக்கிழமை அவர் பக்கத்தின் உச்சியில் நின்றார். அவருக்கு மேலே யாரும் இல்லை, மாறியிலும் எதுவும் இல்லை. அதனால்தான் அன்று அண்ணை வாசித்தபோது சரியாக இருந்தது. அவருடைய அறிவித்தலை யாரும் தொடவில்லை; அவருக்கு மேலே ஒன்று வந்தது, அது போதுமாக இருந்தது.

இரண்டு வருடமாக இந்தப் பிழை ஏன் வெளியே வரவில்லை என்று அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. பழைய அறிவித்தல்களை அங்கேயே உருட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூடச் சகோதரர் பெட்டி வெறுமையாக இருக்கவில்லை. அவருடைய தளத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் ஐந்தாறு பேரோடு பிறந்தவர்கள். சகோதரம் இல்லாமல் ஒருவர் சாவார் என்பதை அண்ணை நினைத்தே பார்க்கவில்லை. நினைக்காததை நிரலில் எழுதவும் இல்லை.

ஒவ்வொரு அறிவித்தலையும் தொடங்கும் இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்: சகோதரர் மாறி, வெறுமை. துணைவருக்கும், பிள்ளைகளுக்கும், பெற்றோருக்கும் அந்த வரியை அண்ணை முன்னமே எழுதியிருந்தார். பிறகு, தொடங்கியதை முடித்துவிடுவோம் என்று நிரல் முழுவதையும் வாசித்தேன். இதைவிட மோசமான ஒன்று உள்ளே இருந்தது. கடவுச்சொல் சரியென்றால் ‘அனுமதி’ என்ற மாறிக்கு ஒன்று என்று மதிப்புக் கொடுக்கப்பட்டது. பிழையென்றால் ஒன்றும் கொடுக்கப்படவில்லை. அந்தக் காலத்துப் பி.எச்.பி.யில், இணைய முகவரியின் கடைசியில் யாராவது ஒரு பெயரையும் மதிப்பையும் தட்டினால், அதே பெயரில் நிரலுக்குள் ஒரு மாறி தானாக முளைக்கும். 2002இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து அந்த வசதியை மூடித்தான் கொடுத்தார்கள். ஆனால் பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதற்காகப் பலர் அதைத் திரும்பத் திறந்துவைத்திருந்தார்கள். அண்ணை இடம் வாடகைக்கு எடுத்திருந்த சேர்வரும் அப்படித்தான். ஆகவே கடவுச்சொல்லே தெரியாத ஒருவர், முகவரியில் அனுமதிக்கு ஒன்று என்று எழுதிவிட்டால், உலகத்தில் யாரையும் சாகடிக்கலாம். நிரலின் முதல் வரியில் அனுமதி சுழியம் என்று எழுதியதும் அந்தக் கதவும் மூடியது.

மாறியைப் பயன்படுத்துமுன் அதற்கு ஒரு தொடக்க மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லும்போது, சில இளம் நிரலாளர்கள் அதை வீட்டைக் கூட்டிப் பெருக்குவது போன்ற ஒரு நல்ல பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பழக்கம் பற்றியதல்ல. மதிப்புக் கொடுக்காத மாறி வெறுமையாக இருக்கும் என்று நினைப்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. அதில் முன்னையவர் விட்டுப்போனதும் இருக்கலாம், தெருவில் போகிறவர் போட்டதும் இருக்கலாம். இதில் எனக்கு இன்றுவரை இரண்டாவது கருத்து வந்ததில்லை.

அறிவித்தலை அதன் பழைய வரிசை எண்ணிலேயே திரும்ப ஏற்றினோம். நினைவஞ்சலிக்குக் கீழேயே, சகோதரர் எவரும் இல்லாமல், சரியாக நின்றது. பெண்ணின் தகப்பனார் அங்கிருந்தே தாய்மாமனுக்குத் தொலைபேசி எடுத்து, திருத்தியாகிவிட்டது, பாருங்கோ என்றார். கேட்டுக்கொண்டு நின்ற அவருடைய முகத்தை வைத்தே பதிலை ஊகித்துவிட்டேன். பெண் பகுதி சொல்லித்தான் கடைக்காரர் பெயரை எடுத்துவிட்டார் என்று அந்தப் பக்கம் முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் திருத்தம் சரியானது. சரியான திருத்தத்தால் சந்தேகம் இரண்டு மடங்காகியிருந்தது.

நான் போய்க் கதைக்கிறேன் என்றேன். தாய்மாமன் ஒரு நிபந்தனை போட்டார். கடைக்காரரும் கம்பியூட்டர்க்காரரும் வரலாம், பெண் பகுதியிலிருந்து ஒருவரும் வரக்கூடாது.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அண்ணையின் வான் வண்டியில் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியிலிருந்த தாய்மாமன் வீட்டுக்குப் போனோம். நான் பழைய நிரலையும் புதியதையும் சேர்வரில் இரண்டு தனிக் கோப்புறைகளில் போட்டுவைத்திருந்தேன். வழியில் அண்ணை ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். இந்தக் கலியாணம் குழம்பினால் பிறகு அவரிடம் யாரும் செத்தவீடும் கொடுக்கமாட்டார்கள், நல்லவீடும் கொடுக்கமாட்டார்கள் என்றார்.

தாய்மாமன் மேல்மாடியில் குடியிருந்தார். சபனெல் தெருத் தையல் தொழிற்சாலையில் நெடுங்காலம் துணி வெட்டும் பகுதியில் இருந்தவர். வெட்டுமுன் இரண்டுதரம் அளக்கிற கை. எங்களை இருக்கச் சொன்னார், தேநீர் வந்தது. அவருடைய தங்கை, மாப்பிள்ளையின் தாயார், சோபாவின் ஓரத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாப்பிள்ளை கணினி மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

தாய்மாமன் பக்கத்தைச் சனிக்கிழமையே அச்சடித்து வைத்திருந்தார். அதை எங்கள் முன் வைத்தார்.

“சனிக்கிழமை பேர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அறிவித்தலே இல்லை. இண்டைக்கு அறிவித்தல் இருக்கு, பேர் இல்லை. இதிலை எதை நான் நம்புறது?”

“அண்ணை, செத்தவருக்குச் சகோதரமே இல்லை” என்றார் கடைக்கார அண்ணை.

“யாழ்ப்பாணத்திலை சகோதரம் இல்லாத மனிசனை நீர் எப்ப கண்டனீர்?”

கடைக்கார அண்ணையின் நிரலும் இரண்டு வருடமாக அதைத்தான் நம்பியிருந்தது.

நான் ஒரு விஷயத்தைக் காட்டினேன். மேலே இருக்கும் நினைவஞ்சலியில் நான்கு பேருடைய பெயர் மட்டுமே இருக்கிறது. ஜெர்மனிக்காரரும் அதே குடும்பம் என்றால் அவருடைய பெயர் அந்தப் பட்டியலில் எங்கே? அவசரத்தில் விட்டிருப்பார்கள் என்றார் தாய்மாமன். ஜெர்மனியில் அறிவித்தல் கொடுத்த நண்பருக்கு எடுத்துக் கேட்கலாமே என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். சுடலையால் வந்து குந்தியிருக்கிறவனிடம், செத்தவருக்குச் சகோதரம் உண்டோ இல்லையோ என்று கலியாணத்துக்காகக் கேட்பதா என்று மாமன் திருப்பிக் கேட்டார்.

பிறகு நான் விளக்கத் தொடங்கினேன். மாறி என்பது ஒரு கோப்பை போல. ஒருவர் குடித்த கோப்பையைக் கழுவாமல் அடுத்தவருக்குக் கொடுத்தால் முதல் ஆளின் மிச்சம் அடுத்தவருக்குப் போகும். இந்த உவமையை அலுவலகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

“கோப்பையிலை தேத்தண்ணி மிஞ்சும்” என்றார் தாய்மாமன். “ஆற்றையோ தமையன் மிஞ்சுவானே?”

கடைக்கார அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த குற்றத்துக்கு உடனே தேநீரைக் குடித்தார்.

சொல்லிப் பயனில்லை, காட்டத்தான் வேண்டும் என்று புரிந்தது. கணினிக்கு முன்னால் எல்லோரையும் வரச் சொன்னேன். பழைய நிரலைத் திறந்தேன். மேலே நினைவஞ்சலி இருந்தது. வரிசை எண்ணைக் குறைத்து அதற்கு நேர்கீழே புதிதாக ஒரு அறிவித்தலைச் சேர்ப்போம், சகோதரர் பெட்டியை நீங்களே வெறுமையாக விடுங்கள், என்ன வருகிறது என்று பாருங்கள் என்றேன்.

“என்ன பேர் போடுறது?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

ஏதாவது ஒரு கற்பனைப் பெயர் போடலாம் என்றார் கடைக்கார அண்ணை.

தாய்மாமன் ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்கள் சொல்லுற பேருக்கு முதலே ஒழுங்கு செய்து வைச்சிருப்பியள். எங்களுக்குத் தெரிஞ்ச ஆள் ஒராள் வேணும். அந்தாளுக்கும் பொம்பிளையின்ரை தேப்பனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு இதிலை இருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேணும்.”

அவர் கேட்டது சரியான சோதனை. நிறுவனத்தில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். ஆனால் கேட்டு முடித்த பிறகுதான் அது என்ன கேள்வி என்று அவருக்கே உறைத்தது. தெரிந்த ஆள் என்றால் உயிரோடு இருக்கிற ஆள். உயிரோடு இருக்கிற ஒருவருடைய பெயரை மரண அறிவித்தலில் யார் எழுதுவது? மாப்பிள்ளை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். தாயார் எழுந்து வந்து மகனுக்குப் பின்னால் நின்றார்.

“ஒருத்தற்றை பேரும் வேண்டாம்” என்றார்.

நான் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பெயர் பெட்டியில் என் பெயரை எழுதினேன். பிறந்த ஊர், என் ஊர். வசிப்பிடம், மொன்றியல். காலமான திகதி என்று ஒரு பெட்டி இருந்தது. திகதிகளில் நான் கண்டிப்பானவன். கடிதத்தில்கூடத் திகதி போடாமல் எழுதியதில்லை, பிழையாகப் போட்டதும் இல்லை. அன்றைய திகதியை எழுதினேன். தெரிந்துகொண்டே எழுதிய பொய்யான திகதி அது ஒன்றுதான். எனக்குச் சகுனங்களில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் விரல் விசையை அழுத்தும் முன் ஒரு கணம் நின்றது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சகோதரர் பெட்டியைத் தொடவில்லை. எனக்கு இரண்டு தங்கைகள். அவர்களையும் விட்டுவிட்டேன்.

பக்கம் மெதுவாக வந்தது. கடைக்கார அண்ணை தன் வழக்கமான குரலில் வாசித்தார். யார் செத்தாலும் அந்த வாக்கியத்தை அவர் ஒரே மாதிரித்தான் வாசிப்பார். மொன்றியலை வசிப்பிடமாகக் கொண்ட நான் காலமானேன். நான் பெண்ணின் தகப்பனாருக்கும், மற்ற மூவருக்கும் அன்புச் சகோதரர்.

தாய்மாமன் குனிந்து, கண்ணாடியை ஏற்றி, நான்கு பெயரையும் தன் கையிலிருந்த தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பிறகு புதிய நிரலில் அதையே செய்து காட்டினேன். அதிலும் நான் செத்துத்தான் இருந்தேன், ஆனால் சகோதரர் எவரும் இல்லை.

“தம்பி, முதலிலை அதை அழியும்” என்றார் மாப்பிள்ளையின் தாயார். “பேந்து கதைப்பம்.”

இரண்டு இடத்திலும் அழித்தேன். அழிந்ததா என்று திரும்பத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். அதன் பிறகுதான் தமையனைப் பார்த்தார்.

“அண்ணை, பொய் சொல்லுறதெண்டா நூறு வழி இருக்கு. பொய்க்காண்டி ஒரு மனிசன் தன்ரை பேரைச் செத்தவீட்டிலை எழுதுவானே? பெஞ்சாதி பிள்ளையள் இருக்கிற மனிசன்.”

தாய்மாமன் தாளை நான்காக மடித்தார். அவரைச் சமாதானப்படுத்தியது என் பெயர் அல்ல என்பது பிறகு கேட்ட கேள்விகளில் தெரிந்தது.

“அப்ப மேலை நிக்கேக்கை சரியா இருந்தது. கீழை இறங்கினாப் போலை பிழைச்சது. அப்பிடித்தானே?”

“ஓம்.”

“அப்ப பிழை செத்தவரிலையும் இல்லை, பொம்பிளையின்ரை தேப்பனிலையும் இல்லை. ஒவ்வொரு ஆளுக்கும் தொடங்கேக்கை ஒண்டும் இல்லை எண்டு எழுதாததிலை இருக்கு.”

“ஓம்” என்றேன். என் கோப்பை உவமையைவிட அது நன்றாக இருந்தது.

அவர் தொலைபேசியை எடுத்தார். மறுமுனை முதல் மணியிலேயே எடுத்துவிட்டது. பெண்ணின் தகப்பனார் அங்கே பக்கத்திலேயே காத்திருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு மண்டபத்துக்கு வர வேண்டும் என்று மட்டும் தாய்மாமன் கேட்டார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. மறுமுனை ஏதோ நேரம் சொல்லியிருக்க வேண்டும், அவர் அதைத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

நாங்கள் சப்பாத்துப் போடும்போது மாப்பிள்ளையின் தாயார் படிக்கட்டுவரை வந்து, நாளைக்குத் தலை முழுகிவிட்டுக் கோயிலில் என் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்ய வேண்டும் என்றார். செய்கிறேன் என்றேன். செய்தேன். அந்தப் பெயரை அவர் முன்னால் செத்தவனாக்கிய பிறகு, அவருக்காக அதைத் திரும்ப உயிர்ப்பிப்பதில் எனக்கு எந்தக் கொள்கைச் சிக்கலும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கலியாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது. ஆனால் ஒரு விஷயத்தை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. சனிக்கிழமைப் பக்கத்தை வாசித்தது தாய்மாமன் மட்டுமல்ல. மண்டப வாசலுக்கு வந்த வயதானவர்களில் பாதிப்பேர், உள்ளே போவதா, துடக்கு வீட்டில் சாப்பிடுவதா என்று தயங்கித் தயங்கி நின்றார்கள். சிலர் பரிசு உறையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காருக்குத் திரும்பலாமா என்று மனைவியைப் பார்த்தார்கள்.

பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் இருந்த மேசைக்குப் பக்கத்தில் தாய்மாமன் பட்டு வேட்டியோடு நின்றார். அவர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து ஓரமாக எடுத்து, முழு விபரமும் சொன்னார். நான் இரண்டடி தள்ளி நின்று கேட்டேன். சில இடங்களில் பிழை இருந்தது. சேர்வரையும் மானிட்டரையும் ஒன்றாக்கிவிட்டார். முக்கியமான இடத்தில் ஒரு பிழையும் இல்லை.

“அது கம்பியூட்டருக்குச் சொல்லாமல் விட்ட பிழை” என்று ஒரு முதியவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “மேலை இருந்தவற்றை சகோதரங்கள் கீழை இருந்தவருக்குப் போய் நிண்டிட்டினம்.”

“அப்ப ஜெர்மனிக்காரருக்கு உண்மையிலை எத்தினை சகோதரம்?”

“ஒருத்தரும் இல்லை. இல்லை எண்டா இல்லை எண்டு முதலே எழுதிப்போட வேணும். எழுதாட்டி ஆரோ வந்து இருந்திடுவினம்.”

முதியவர் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து நெற்றியில் வைத்துக்கொண்டு, மனைவியையும் வரச்சொல்லி உள்ளே போனார்.